பதில் கடிதம்

முப்பத்தொரு வருடமாய்த் தபால் சுமக்கிறேன்
கூர்ஸெமேயின் இந்தக் கடலோரத்தில்.
கடிதம் என்றால் என்னவென்று
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ரீகாவிலிருந்து சுற்றறிக்கை வந்தது நவம்பரில்.
வானொலி முன்னமே சொல்லிவிட்டதால்
உறைக்குள் என்ன என்று பைன் மரங்களுக்கும் தெரியும்:
ஔஸ்மா இனி அங்கி அணியக்கூடாது.
காரணம், இரண்டு வரி வசனம்.
எங்கள் வேதப்புத்தகத்தில் அந்தப் பக்கம்
மற்றவற்றைவிட அழுக்கு.
விரல்கள் அங்கே அடிக்கடி போயிருக்கின்றன.

அன்றிரவு அடுப்பருகே பூதக்கண்ணாடி வைத்து
முழு நிருபத்தையும் படித்தேன்,
முகவரியிலிருந்து கையொப்பம் வரை.
நடுவில் ஒரு வரியைக் கத்தரித்துப் போய்
வேறொரு வீட்டுக் கதவிடுக்கில் செருகினால்
எங்கள் இலாகாவில் வேலை போய்விடும்.

முகவரி, கொரிந்து. துறைமுக ஊர்.
ஒருவர் வாய் திறந்தால் நால்வர் திறக்கும் சபை.
எழுதியவருக்குச் சலித்துவிட்டது.
புரியாத பாஷை பேசுகிறவனை அடங்கச் சொல்கிறார்,
முறை தெரியாமல் நீட்டுகிறவனை அடங்கச் சொல்கிறார்,
பிறகு அவளை.
மூவருக்கும் ஒரே வினைச்சொல்.
முதல் இருவருக்கு அது அந்த மாலையோடு முடிந்தது.
அவளுக்கு மட்டும்
இரண்டாயிரம் வருடம்.

சில தாள் முன்னால் போனால், அதே கை, அதே மை,
பெண் ஜெபிக்கும்போது தலையில்
என்ன இருக்கவேண்டும் என்கிறது.
வாயில்லாதவளுக்கு
முக்காட்டைப் பற்றி யார் எழுதுவார்கள்?

நீங்கள் கேட்டிருந்தீர்களே என்று ஓரிடத்தில் தொடங்குகிறார்.
அப்படியானால் இது பதில் கடிதம்.
கேள்விக் கடிதம் எங்கே?
எந்தப் பையிலிருந்து நழுவியது, எந்த மழையில் கரைந்தது?
தொலைபேசியில் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டு
குடும்பத்தைப் பிரித்தவர்கள் இந்தத் தெருவிலேயே உண்டு.

இன்னொன்று.
ரோமுக்குப் போன கடிதத்தைச் சுமந்தவள் பெண் என்கிறார்கள்.
கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி.
உப்புக் காற்றிலும் மாலுமிகளின் பார்வையிலும்
நனையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள்.
எழுத்தறியாத கூட்டம் அவளைச் சுற்றி நின்று
என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்காதா?
நானே எத்தனை வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.
தபால்காரனை யாரும்
வாயை மூடு என்பதில்லை.

போதகர்களைச் சைபீரிய ரயிலில் ஏற்றிய பிறகு
இங்கே கோயில் சாவி பெண்களின் கவுன் பையில் இருந்தது.
குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், கிழவர்களுக்குக் கடைசி ஜெபம்.
அப்போது வசன எண்ணை
ஒருவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் தெரிந்தா மார்ச் கூட்டத்தில் கை தூக்கினேன்?
இல்லை. கூரை ஓட்டுக்கான தீர்மானத்துக்கும்
மதிய சூப்புக்கும் நடுவே வந்தது அது.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
தூக்கினேன்.

உறையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ஔஸ்மா விறகு பிளந்துகொண்டிருந்தாள்.
பதிவேட்டில் கையெழுத்திட்டாள், பிரிக்கவில்லை.
சனிக்கிழமை குழி வெட்ட வருவாயா, என்றாள்,
தரை உறைவதற்கு முன்.

சனிக்கிழமை.
மீன்பிடிப் படகுக்காரர் ஆர்வீட்ஸின் பெட்டி
மணல்மேட்டில் கயிறுகளின்மேல்.
தால்ஸியிலிருந்து வரவேண்டிய போதகரின் கார்
எங்கோ பனிச்சேற்றில்.
பத்தொன்பது பேர் நின்றோம்.
ஔஸ்மா எல்லோருக்கும் பின்னால்,
வாய் மூடி, கீழ்ப்படிந்து,
சாம்பல் நிறக் கோட்டில்.
விதவை யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
இவரை ஊமையாகவா அனுப்பப் போகிறோம்?

கடல் மட்டும் பேசிக்கொண்டிருந்தது, வழக்கம்போல,
அனுமதி கேட்காமல்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு
கூட்டத்தை விலக்கிப் பின்னால் போனேன்.
பழக்கதோஷம், தபாலைப்போலத்தான் நீட்டினேன்.
உங்களுக்குத்தான், என்றேன்.

முகவரியைச் சரிபார்ப்பவள்போல
சற்றுநேரம் அட்டையைப் பார்த்தாள்.
பிறகு
வலது கையுறையைக் கழற்றினாள்.