சிவப்புக்குச் சிவப்பு

தங்க முலாம் பூசிய கேபிள் நாலாயிரத்து ஐந்நூறு.
சாதாரணம் எழுநூற்றைம்பது.
முதலாளி கண்ணால் காட்டியது
தங்கத்தை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பரிமளகாந்தி அக்கா.
ஈரக் குடையை வாசலில் விட மனமில்லாமல்
கையில் பிடித்தபடி ஒரே கேள்வி:
"எதப் போட்டா பேசுறது வெளங்கும்?"

இருபத்திரண்டு வருஷம்
ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நின்ற காது.
மகள் மஸ்கட்டிலிருந்து அனுப்பிய காசில்
இரண்டு சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி,
சுவரளவு டிவி. ஒரு மாசமாகிறது.
"மழ பேயிறது கேக்குது. கதவச் சாத்துறது கேக்குது.
அழுறவ என்னா சொல்லி அழுறான்னு மட்டும்
கேக்கல."

நான் எழுநூற்றைம்பதை எடுத்து வைத்தேன்.
இதுக்குள்ள ஓடுறது ஒன்றும் பூச்சியமும், அக்கா.
வந்தா முழுசா வரும்,
இல்லாட்டி கறுப்புத் திரை.
பாதியைத் தந்துவிட்டு
மீதியைப் பேச்சுவார்த்தைக்கு வைக்கிற பழக்கம்
அதுக்கு இல்ல.

என் உதட்டையே பார்த்திருந்தவள்
சம்பளக் கதை என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
முதலாளி சிரிக்கவில்லை.

ஹட்டனில் மூன்று மணி பஸ். நோர்வூட் தாண்டி
இறங்கி ஏறி, மறுபடி ஏறி,
பையில் குறடு, டேப், மெல்லிய ஆப்டிகல் வயர் ஒன்று.

பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா.
டிவிக்குப் பின்னால்
மஞ்சள், சிவப்பு, வெள்ளை எல்லாம்
துணி காயும் கொடியோடு சேர்ந்து முடிச்சாகி.
சொருகியவன் மருமகன் அருள்நேசன்.
துளை எங்கேயோ அங்கே.
"நெறம் பாக்குற ஆளில்ல அவரு.
கலியாணத்துலயும் பாக்கல" என்றாள் அக்கா.
நல்ல குணம்தான்.
வயருக்கு மட்டும் ஆகாது.

முதலில் அந்த ரீங்காரம்.
டிஷ்ஷிலிருந்து இறங்கிய செம்பு
எங்கிருந்தோ ஒரு முணுமுணுப்பையும் கூட்டிவந்து
பெட்டிக்குள் குடியிருத்தியிருந்தது.
சிவப்பு வெள்ளையைப் பிடுங்கினேன்.
ஆப்டிகலின் ஒரு முனையை டிவியில் கொடுத்ததும்
மறுமுனையில் சிவப்பாய் ஒரு புள்ளி,
ஊதி அணைத்த தீக்குச்சியில் மிஞ்சுவது போல.

"இதுல கரண்டு?"
இல்லக்கா. வெளிச்சம் மட்டும்தான்.
இடி விழுந்தா இது வழியா வராது.
மடிச்சிராதீங்க, அவ்வளவுதான்.
உள்ளங்கையில் அதை வாங்கிப் பார்த்தாள்.
"சுடல்ல" என்றாள், கொஞ்சம் ஏமாந்தவளாக.

ரீங்காரம் நின்றது.
பேச்சு இன்னும் வரவில்லை.
திரையில் ஒருத்தி வாயசைக்கிறாள்,
குரல் அறையெங்கும் சிந்திக் கிடக்கிறது,
அள்ள முடியாத தண்ணீராய்.

இடது பெட்டியைத் திருப்பினேன்.
சிவப்பில் கறுப்பு. கறுப்பில் சிவப்பு.
ஒன்று முன்னால் தள்ளும்போது
மற்றது பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது
ஒரு மாசமாக.
ஓரத்தில் பெய்த மழைக்கு ஒன்றும் ஆகவில்லை.
நடுவில் நின்று பேசியவள்தான்
இரண்டுக்கும் இடையில் காணாமல் போயிருந்தாள்.

கழற்றி மாற்றினேன். அரை நிமிஷ வேலை.
இரண்டு பெட்டிக்கும் நடுவே
பெட்டியே இல்லாத இடத்தில்
அவள் வந்து நின்று சொன்னாள்:
"சாவிய மேசையில வச்சிட்டுப் போறேன்."

"சாவியா!" அக்கா எழுந்தே விட்டாள்.
"ஒரு மாசமா காசுன்னுல்ல நெனச்சேன்!
அப்ப இவ கள்ளி இல்லியா?"
யார்மீதோ வைத்திருந்த கோபத்தை
எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல்
சற்று நேரம் நின்றாள்.

பிறகு ரிமோட்டை என்னிடம் நீட்டி,
"கொஞ்சம் கொறைச்சி விடும்மா.
அடுத்த காம்பராப் பொடியனுக்குச் சோதன."

பில் எழுதினேன். கேபிள், ஆப்டிகல், பஸ் காசு.
வயர் மாற்றியதற்கு என்ன போடுவது?
ஒரு கோடு இழுத்தேன்.
முதலாளி நாளைக்குக் கேட்பார்.

வெளியே மூடுபனி லயத்தின் கூரைவரை இறங்கியிருந்தது.
எதிர் மேட்டில் ஸ்டோர் இரவு வேலைக்குச் சுற்றத் தொடங்கியது.
அந்தச் சத்தத்துக்கு
எந்தத் துளையில் எதைச் சொருகுவதென்று
என் பையில் ஒன்றும் இல்லை.

கடைசி பஸ் போயிருந்தது.
அருள்நேசன் த்ரீவீலரை எடுத்தான்.
பின்சீட்டுக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர், அவனே மாட்டியவை,
பாட்டு இருந்தது, பாடுகிறவனைக் காணோம்.

டவுன் வரும்வரை
நான் ஒன்றும் சொல்லவில்லை.