படிவத்தில் இல்லாத மழை

இயந்திரத்தை அணைத்ததும்
காதை வந்து அடைத்தது அமைதி.
பின்மார்க் மேட்டுநிலத்தில்
ஜனவரிக் கடைசியில்
பகல் என்பது நாலு மணி நேரக் கடன்.
அதில் ஒன்றை ஓடையில் தொலைத்திருந்தோம்:
பனித்தட்டு உடைந்து
என் வண்டி இடுப்பளவு இறங்கிவிட்டது.
ரிஸ்தின் கயிறு கட்டித் தன் வண்டியால் இழுத்தாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
அவள் இழப்பைச் சரிபார்க்க
அரசு அனுப்பிய ஆள் நான்.
என்ன பேச இருக்கிறது.

குட்டைப் பிர்ச் புதருக்குக் கீழே
கிடந்தது துருவமான். பெண்.
கழுத்தில் கடி. ஒரு தோளைக் காணோம்.
சுற்றிலும் ஐந்து விரல் தடங்கள்,
மும்மூன்றாய்ச் சாய்ந்து போகிற ஓட்டம்.
"வால்வரின்" என்றாள்.
"இந்தக் குளிருக்கு இது பதினொன்று."

கையுறையைக் கழற்றிக் கத்தியை எடுத்தேன்.
என் வேலை தோலுக்கு அடியில்.
உயிரோடிருக்கையில் பட்ட கடி
உட்தோலில் கன்றிப்போய்
நாவல்பழ நிறத்தில் காத்திருக்கும்.
செத்த பின் பட்டது
துளையாக மட்டும் இருக்கும்.
உடம்பு அதற்குப் பிறகு
எதையும் மனதில் வைப்பதில்லை.

உரித்தேன்.
வெளுப்பு. கழுத்து முழுக்க வெளுப்பு.
விரல் மரத்துப்போக
மூச்சை ஊதி ஊதி மறுபக்கமும் உரித்தேன்.
தொடையெலும்பை உடைத்தேன்.
வெண்ணெய்போல் உறைந்திருக்க வேண்டிய மஜ்ஜை
சிவந்த கூழாய் வழிந்தது.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
கோடரியைத் திருப்பிப் பிடித்து
நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்
தரையை ஒரு போடு போட்டாள்.
பனி விலகியது. பனிக்குக் கீழே
விரல் கனத்துக்குக் கண்ணாடி.
கண்ணாடிக்குக் கீழே, தெளிவாய்,
சாம்பல் வெள்ளையில் பாசிக்காளான்,
ஒரு மந்தைக்கே போதுமான அளவு.
"சுவொஹ்கி" என்றாள்.
டிசம்பரில் மூன்று நாள் மழை.
நாலாம் நாள் மைனஸ் முப்பது.
மான்கள் குளம்பு கிழியும்வரை தோண்டின.

என் படிவத்தில் கட்டங்கள் உண்டு:
வால்வரின், லிங்க்ஸ், ஓநாய், கரடி,
பொன்னாங்கழுகு. தெரியவில்லை.
மழைக்குக் கட்டம் இல்லை.
முதல் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும்.
அங்கே யார் இருக்கிறார்கள்,
என்னையும் அவளையும் விட்டால்.
பேனா உறைந்திருந்தது. அக்குளில் வைத்தேன்.

ரிஸ்தின் சிரித்தாள், அன்று முதல்முறையாக.
"அதன் பெயரைப் போட்டால்
எனக்குப் பணம் வரும்.
அதற்குத் தோட்டா வரும்.
போன வருஷம் என் கன்றுகளைத் தின்றது அதுதான்,
தோட்டா வரட்டும் என்றுதான் இருந்தேன்."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"ஆனால் இதை அது செய்யவில்லை."

பேனா இளகும்வரை
பாறையோரம் கிடந்த எச்சத்தை
குப்பியில் அடைத்துக்கொண்டிருந்தேன்.
ஆணா பெண்ணா,
முன்பு எந்த மலையில் எண்ணியது,
ஆய்வகம் சொல்லும்.
அதற்குள் அதுவே மேட்டின் விளிம்பில் வந்து நின்றது.
பழுப்பு, குட்டைக்கால், முதுகோரம் வெளிறிய பட்டை.
முகர்ந்தது. உட்கார்ந்தது.
கடை எப்போது திறக்கும் என்பதுபோல்
எங்களைப் பார்த்தது.
ரிஸ்தின் திட்டினாள், தன் மொழியில், நீளமாக.
பிறகு எஞ்சிய மானை
அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு
வண்டியைக் கிளப்பினாள்.

ஓரத்து வெற்றிடத்தில் எழுதினேன்:
மழை. டிசம்பர் பதினேழு முதல் பத்தொன்பது.

மார்ச்சில் படிவம் திரும்பி வந்தது.
ஓரக்குறிப்புகள் ஏற்கப்படா,
உரிய கட்டத்தில் குறியிடவும்.
அலுவலக ஜன்னலோரம் நின்று
அவளை அழைத்தேன்.
மணி வெகுநேரம் அடித்தது.
நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டாள்,
"உங்கள் பக்கமும் பெய்கிறதா?"