வலது கால் பெருவிரல்

இரவு இரண்டு மணி.
போர்வையை உதறிவிட்டேன்.
அதன் நுனி பட்டாலும்
இன்று இந்த விரல் தாங்காது.
போரிருவாவின் ஜூலைக் குளிரில்
ஒற்றைக் கால் மட்டும் வெளியே,
வாசலில் நிறுத்தி வைத்த கடன்காரனைப் போல.

மாலியா புரண்டு படுக்கிறாள்.
கட்டில் ஓர் அங்குலம் அசைகிறது.
நான் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு
ஐந்தேகால் பஸ்ஸை நினைக்கிறேன்.
பிரேக்கை மிதிப்பது இந்த விரல்தான்.
குன்றிலிருந்து ரயிலடிவரை
நாற்பது பேரின் உயிர்
இதன் நுனியில் உட்கார்ந்து போகிறது.

எனக்கு நோய் இரண்டு. ஒன்றுக்கொன்று ஆகாது.
பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை,
உடம்பின் நீரைப் பிரித்து வெளியே அனுப்பும்.
நீர் போகும்.
யூரிக் அமிலம் மட்டும்
வாடகை தராத குடித்தனக்காரனாய்
மூட்டுக்குள் பாய் விரித்துக்கொள்ளும்.
வலிக்கு மைத்துனன் லோனி தந்த மாத்திரை,
சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பக்கத்தில் கிடைப்பது.
அதை விழுங்கினால் கால் அடங்கும்,
ரத்தம் கொதிக்கும்.
முன்னே போனால் முட்டும்,
பின்னே போனால் உதைக்கும்.

யாரும் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன்.
சொல்லியிருப்பார்கள்.
டாக்டர் அறையில் நான் தலையாட்டுகிற வேகம்
எனக்கே தெரியும்.

மார்ச் மாதம் நானே வைத்தியன் ஆனேன்.
வெள்ளை மாத்திரையை நிறுத்தினேன்.
தினம் ஒன்றாக, கோயில் காணிக்கை உறையில் போட்டு
கோட்டுப் பைக்குள் வைத்தேன்.
கர்த்தருக்கு அது கணக்கில் வந்ததா தெரியாது.
ஞாயிறு விருந்தில் சிப்பியை ஒதுக்கினேன்,
பீரை ஒதுக்கினேன்.
'ராஜாக்களின் வியாதி' என்று சிரித்தார்கள்.
ராஜா காலை நான்கு மணிக்கு எழுந்து
டீசல் வாசனையில் டிக்கெட் மெஷினைத் தட்டுவாரா?

லைசென்ஸ் பரிசோதனையில்
கைப்பட்டை இறுகி இறுகி நின்றது.
மேலே நூற்றெண்பத்தாறு. கீழே நூற்றெட்டு.
நர்ஸ் மறுபடி அளந்தாள்.
எண்ணுக்கு இரக்கம் வரவில்லை.

மருந்துக்கடை ஹினேவாய்
என் பையை மேசைமேல் கவிழ்த்தாள்.
உறை விழுந்தது. பிரித்துப் பார்த்து எண்ணினாள்.
ஐம்பத்து மூன்று.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
'இதில் உங்களுக்கு எந்த மாத்திரையைப் பிடிக்கவில்லை?'
என்றாள்.
அறுபது வருடத்தில்
என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.

அங்கேயே டாக்டருக்கு போன் செய்தாள்.
வெள்ளை போயிற்று. வேறொன்று வந்தது,
பிரஷரையும் இறக்கும்,
அமிலத்தையும் கொஞ்சம் வெளியே தள்ளும்.
லோனியின் டப்பா குப்பைக்கூடைக்கு.
'குற்றம் உங்கள் சாப்பாட்டுத் தட்டில் மட்டுமில்லை,
பாதி உங்கள் அப்பா தந்த சிறுநீரகத்தில்'
என்றாள். எதற்கோ கண் கலங்கியது.

அப்புறம் அமிலத்துக்கு ஒன்று,
குறைந்த அளவில் தொடங்கி
ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றுவது.
அதற்குக் காவலாக இன்னொன்று.
'ஒன்று கேளுங்கள், ஃபலானிகோ.
தொடங்கினபின் ஓர் இரவு வலி வரும்.
காவலையும் தாண்டி வரலாம்.
பழைய உப்பு கலையும்போது கடிக்கும்.
அன்றைக்குத்தான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள்.'
நான் தலையாட்டினேன், மெதுவாக.

இன்று மூன்றாவது வாரம். அந்த இரவு இதுதான்.
குளியலறைக்கு ஒற்றைக் காலில் போனேன்.
டப்பாவைத் திறந்து
கழிப்பறைக்கு மேலே பிடித்தேன், கொஞ்ச நேரம்.
வீரமெல்லாம் இல்லை.
கொட்டினால் குனிய வேண்டும்,
குனிந்தால் விரல் ஊன்ற வேண்டும்.
மூடிவிட்டேன்.

மாலியா இருட்டிலிருந்து கேட்டாள்:
'போட்டாயா?'
'போடவும் இல்லை, கொட்டவும் இல்லை. காலையில் போடுவேன்.'
'ஹினேவாய்க்கு போன்?'
'கடை திறக்கட்டும்.'
அவள் கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து
எனக்கு அசையாத பாதியைத் தந்தாள்.

மூன்றரைக்கு டிப்போவைக் கூப்பிட்டேன்.
இன்று வரமுடியாது.
'மறுபடியுமா? என்ன ஆச்சு?'
'கரைந்துகொண்டிருக்கிறது' என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.
ஐந்தேகால் பஸ்ஸை
இன்று வேறொருவன் விரல் நிறுத்தும்.