நூற்றெண்பத்தைந்து நிமிடம்

தம்பலகாமத்தில் சூடடித்து ஒதுக்கிய வைக்கோல்.
மழைக்குப் பிறகு அதில் படர்ந்த பூஞ்சணத்தை
சோடா மூடியளவு கிள்ளி வந்து
தவிடு போட்டு வளர்த்தோம், ஏழு நாள்.
அது கக்கிய நொதியம் ஒரு கத்தரி:
வைக்கோலைச் சீனியாக வெட்டும்.
கத்தரியின் மேலும் சீனி
ஒட்டியிருந்தது என்பது
எடை பார்த்தபோதுதான் தெரிந்தது.
மரபணு சொன்ன கணக்கைவிடக்
கால்வாசி பாரம் கூட.

ஜெல்லில் அது கோடாக நிற்கவில்லை.
நனைந்த கொப்பியில் மை போல
மேலும் கீழும் ஊறிக் கிடந்தது.
சாயம் போட்டோம்,
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.
"மனோஸ், கொத்துக் கொத்தாய்" என்றாள் ஃபஸ்மிலா.

பிறகு இன்னொரு நொதியத்தை விட்டு
இரவு முழுக்கச் சிரைத்தாள்.
காலையில் மொட்டை. கூரான ஒற்றைக் கோடு.

உண்மையைச் சொல்கிறேன்,
முதல் பத்து நிமிடம்
மொட்டைதான் வேகமாய் வெட்டியது.
நானும் மொட்டையின் கட்சி.
சும்மா சுமை எதற்கு என்று
முடிவுரையை மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

வெள்ளிக்கிழமை. அறுபது பாகைத் தொட்டி.
கன்னியாவின் ஏழு கிணறுகளில் எதுவும்
இந்தளவு சுடாது.
இரண்டு குழாய்களையும் அமிழ்த்தி,
"அரை மணித்தியாலத்தில் எடுங்கோ அண்ணன்" என்று
கிண்ணியா பஸ்ஸுக்கு ஓடினாள்.
நான் ரிப்போட் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன்,
பத்து நிமிட வேலைதானே என்று.

எனக்கு முன்னால் அறுபத்திரண்டு பேர்.
வாங்குகள் நிறைய எங்கள் சீனி வருத்தம்.

ஒன்பது தசம் ஒன்று, என்றது கடதாசி.
மூன்று மாதமாய் என் குருதிச் சிவப்பில்
ஒட்டிக்கொண்ட குளுக்கோஸ்.
பூஞ்சணம் தன் சீனியை
இடம் பார்த்து, அளவு பார்த்துக் கோக்கிறது.
என்னுடையதை யாரும் கோக்கவில்லை.
திறந்த கதவால் வந்த தூசி மாதிரி
வந்து படிந்திருக்கிறது.
டொக்டரிடம் இதைச் சொல்லவில்லை.
அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் புள்ளிமான் ஒன்று
லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது.
அதை வெட்ட
எந்தப் பூஞ்சணத்தையும் நாங்கள் கேட்டதில்லை.
அப்போதுதான் தொட்டி நினைவுக்கு வந்தது.

கோணேசபுரிக்கு ஓட்டோ, ஆயிரத்து நூறு ரூபாய்.

மொட்டைக் குழாயில்
திரைந்த பால். அடியில் வெள்ளைக் கட்டி.
சீனிக் குழாய்
ஒன்றும் நடக்காதது போலத் தெளிவாய்.
வைக்கோல் தூள் போட்டுப் பார்த்தேன்.
வெட்டியது. அவசரமில்லாமல்,
நேற்றுப் போலவே.

திங்கட்கிழமை ஃபஸ்மிலா
திட்டுவாள் என்றிருந்தேன்.
குழாய்களை வெளிச்சத்தில் பிடித்து
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு குறிப்பேட்டில் முப்பதை வெட்டி
நூற்றெண்பத்தைந்து என்று எழுதி
என்னிடம் கையெழுத்துக் கேட்டாள்.

காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத, என்றேன்.
"உள்ளதை எழுதுங்கோ."

கிளினிக்கில் வரிசை, என்று எழுதினேன்.