மெழுகுப் பலகை

மாதம் நாலு தெனாரியம் கூலி.
வேலை எளிது. அவர் படகில் உட்கார்ந்து பேசுவார்,
நான் கரையில் உட்கார்ந்து எழுத வேண்டும்.
ராயனுக்கு எதிராக ஒரு சொல்,
வரி, வாள், அரியணை,
எது விழுந்தாலும் பொறுக்கிக்கொண்டு
திபேரியாவுக்கு ஓட வேண்டும்.

முதல் நாள் பலகையை வாங்கி
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்
கணக்கர் கிளீத்தோஸ்.
"விதையா? அப்புறம்?"
அப்புறம் குருவிகள், ஐயா. பாறை. முள்.
"விளைச்சலில் அரண்மனைப் பங்கைப் பற்றி?"
ஒன்றும் சொல்லவில்லை, ஐயா.
கட்டைவிரலால் மெழுகை வழித்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரம் புளித்த மாவு.
"கலகக்காரரின் குறிச்சொல்லாக இருக்குமோ?"
என் மனைவி தினமும் செய்வதுதான், ஐயா.
அன்று இரவு ஷெலம்சி மூடிவைத்த தொட்டியருகே
வெகுநேரம் நின்றேன்.
யாரும் தொடவில்லை.
மாவு தானாகத் துணியைத் தூக்கியது.

பிறகு அந்த அப்பனும் இரண்டு பிள்ளைகளும்.
நல்ல வெயில், பாதித் தூக்கம்.
'இளையவன்' என்றதும் என் எழுத்தாணி நின்றுவிட்டது.

செக்கில் தன் பங்கை விற்று
தீருவில் தொலைத்துத் திரும்பியவன் என் தம்பி யோக்கீம்.
ஒரே தெருதான்.
மூன்று வருஷமாக அவன் வாசலைக் கடக்கும்போது
செருப்பு வாரைச் சரிசெய்கிறேன்.

கதையில் மூத்தவன் இருட்டில் நிற்கிறான்.
உள்ளே மேளம். அப்பன் வெளியே வந்து கெஞ்சுகிறார்.
அவ்வளவுதான். நிறுத்திவிட்டார்.
முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கத்தினேன்:
உள்ளே போனானா, போகவில்லையா?
வலை அலசிக்கொண்டிருந்தவன் சொன்னான்:
"எழுதுகிறவர் நீர்தானே."

நேராகச் சொல்லியிருந்தால்,
பெயர் சொல்லி விரல் நீட்டியிருந்தால்,
நேராகவே மறுத்திருப்பேன்.
எனக்கு வழக்காடத் தெரியும்.
கதையோடு என்னத்தை வழக்காட?
வேவு பார்க்க வந்த நானே அதை மடியில் கட்டி
வீடுவரை சுமந்துபோயிருக்கிறேன்.

கிளீத்தோசுக்கும் அது இரக்கம்தான் போல.
உடைக்கத் தெரியாதவன் கையில்
கொட்டை கொட்டையாகவே காத்திருக்கும்.
அவர் மேசைக்கடியில்
வழித்தெறிந்த மெழுகு இன்னும் கிடக்கிறது.

பஸ்காவில் எருசலேமில் வேறு யாரோ எழுதினார்கள்.
அவர் தலைக்கு மேலே ஒரு பலகையாம்,
மூன்று மொழியில், சுற்றிவளைக்காமல்.
கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது.
மூன்றாம் நாள் சேதி
கடலோரத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான்
மண்ணில் விழுந்த அந்த விதை
யாரென்று உறைத்தது.
அதுவரை அவர் சொன்ன கதைகளையே எழுதினேன்.
கதையாகவே வந்தவரை எழுதவில்லை.

இப்போது யோக்கீம் வீட்டு மதிலோரம் நிற்கிறேன்.
உள்ளே மீன் பொரிகிற வாசனை.
குழந்தை ஒன்று சிரிக்கிறது, எனக்குப் பெயர் தெரியாத குழந்தை.
செருப்பு வார் சரியாகத்தான் இருக்கிறது.
யாரோ விளக்கோடு வருகிறார்கள்.