ஜூன் மாத அளவு

எரிக்கப்போகும் நேரம் பார்த்துப் போய்
கடைகளில் அட்டைப்பெட்டி கேட்பேன்.
சோப்பு, சமையல் எண்ணெய், டப்பா மீன்.
மொகோட்லொங் கடைத்தெருவில் எனக்கு
அட்டைக்காரி என்றுதான் பெயர்.

அடுக்குக்கு அடுக்கு மைதாப் பசை.
ஆணி கிடையாது.
காய்ந்ததும் நாற்காலிமேல் ஏறி நின்று பார்ப்பேன்,
எண்பத்திரண்டு கிலோவும்.
ஜிம்பாப்வேயிலிருந்து மூன்று வாரம் வந்திருந்த சிபீவா
பசை கிண்டியபடி சொன்னாள்:
"இதில் கட்டி விழுந்தால்
ஏதோ ஒரு பிள்ளையின் முதுகில் விழுந்ததாக வைத்துக்கொள்."

தகானேவை அளந்தது ஜூனில்.
வாசல்வரை பனி.
ஆறு வயது; எந்தப் பக்கம் சாய்த்தாலும்
அந்தப் பக்கமே சரிவாள்.
கழுத்து சொன்னபடி கேட்காது.
கண்கள் மட்டும் என் அளவு நாடாவின்
மஞ்சள் நுனியை விடவேயில்லை.
இடுப்பிலிருந்து முழங்கால் இருபத்தைந்து.
முழங்காலிலிருந்து குதிகால் இருபத்துமூன்று.

"வளர்ச்சி எதிர்பார்ப்பதற்கில்லை"
என்ற தலைநகர் மருத்துவமனைச் சீட்டை
அவள் அம்மா நாலாக மடித்துப்
போர்வைக்குள் செருகியிருந்தாள்.
படிக்கத் தெரியாதவள் அல்ல.
படித்துவிட்டுத்தான் மடித்தாள்.

இந்த மலைகளில்
தலைப்பிள்ளை பிறந்ததும் தாயின் பெயர் மாறிவிடும்.
தகானேவின் அம்மா, மாதகானே.
வீட்டுக்குள் வைத்துக்கொள் என்று
எந்தப் பிள்ளையைச் சொன்னார்களோ
அந்தப் பிள்ளையின் பெயரால்தான்
ஊர் அவளைக் கூப்பிட்டாக வேண்டும்.

நாற்காலி நவம்பரில் கிளம்பியது.
நடுவில் மைதா விலை ஏறியது,
மூன்று மாவட்டக் கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போனது,
எவரோ கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.
மட்டக்குதிரை ஓட்டியவன் பெயர் மொட்லாலெபூலா.
மழையோடு வந்தவன் என்று பொருள்.
அட்டை நாற்காலி ஏற்றிப்போக
வேறு ஆள் கிடைக்கவில்லை.
பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கயிறு போட்டு
குபேலு ஆற்றை வயிறு நனையக் கடந்தோம்.
குதிரையின் வயிறு.
நாற்காலி என் தலையில்.

உட்காரவைத்தோம்.
முழங்கால்கள் விளிம்பைத் தாண்டி
வெளியே வந்து நின்றன.
முன்பலகை மூடவில்லை.
நாடாவை எடுத்தேன். இருபத்தெட்டு.
தப்பாக இருக்கும் என்று மறுபடி அளந்தேன்.
இருபத்தெட்டு.

"மன்னித்துக்கொள்" என்றேன்,
"அஞ்சு மாசம் ஆக்கிவிட்டோம்.
மூன்று சென்டிமீட்டர் சிறிசாகப் போய்விட்டது."

"எது?"

"நாற்காலி."

"நாற்காலி எங்கே சிறிசாகும்?" என்றாள் மாதகானே.
கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் விரித்து
"இவ்வளவா?" என்றாள்.
இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டேன்.
அந்த இடைவெளி கலையாமல்
கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே
எதிர்வீட்டுக்குப் போனாள்,
பிறகு அதற்கும் எதிர்வீட்டுக்கு.
போன இடமெல்லாம் நாய்கள் குரைத்தன.

திரும்பி வந்து சீட்டைப் பிரித்தாள்.
"பின்பக்கம் வெற்றாக இருக்கிறது. எழுது."
மூன்று என்று எழுதினேன்.
தேதி போடச் சொன்னாள். போட்டேன்.
தகானே என் பேனாவைப் பிடித்தாள்,
விடவைக்க வெகுநேரம் ஆயிற்று.

நாற்காலியை மறுபடி கட்டினோம்.
மேட்டுக்கு அப்பால் தெபெல்லோ இருக்கிறான்,
நாலு வயது; அவனுக்குப் பொருந்தலாம்.
படிவத்தில் அடித்தல் திருத்தல் கூடாது.
அடித்தேன்.
தகானேவின் பெயரைப் புதிதாக
அடுத்த வரியில் எழுதினேன்,
இருபத்தெட்டுக்குப் பக்கத்தில்
முப்பத்தொன்று என்றும்.
இனி எங்கள் தாமதத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

பாதி மேட்டில் முதல் துளி விழுந்தது.
என் போர்வையைக் கழற்றி நாற்காலிக்குப் போர்த்தினேன்.
மொட்லாலெபூலா திரும்பிப் பார்க்காமல்
"நான் ஒன்றும் கூப்பிடவில்லை" என்றான்.