கதை நின்ற இடம்

வாயிலிலேயே புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.
காரணம் உண்டு. அதன் தாள் மெல்லியது.
புகையிலை சுருட்ட அதைவிட நல்ல தாள்
மடகாஸ்கரின் இந்த மேட்டுநிலத்தில் கிடைக்காது.
போன வருடம் நிருபங்கள் முழுவதும் புகைந்து போயின.

ஆகவே செவ்வாய்தோறும் வெறுங்கையோடு போகிறேன்.
நாற்பது பேருக்குக் கட்டிய கூடம்,
நூற்று அறுபது பேர்.
இரவில் எல்லோரும் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும்.
"திரும்பு" என்று ஒருவன் குரல் கொடுப்பான்,
வரிசை முழுக்கத் திரும்பும்.
ஒரு திரும்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
பகலில் கேட்ட கதை காதுக்குக் காது போகிறதாம்.
காவலர் ரசோலோ சொன்னார்.

நான் ஒரு தடவை சொல்வேன்.
பிறகு அவர்களில் ஒருவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.
கூட்டினால் விடமாட்டார்கள், குறைத்தாலும்.
"கழுதை இல்லை, ஒட்டகம்" என்பான்
மூலையிலிருந்து ஒருவன்,
ஒட்டகத்தை ஒருநாளும் கண்டிராதவன்.

அன்று, அண்ணன்மார் குழியில் தள்ளியவன் கதை.
விலைபோனவன், பொய்வழக்கில் உள்ளே போனவன்,
உடனிருந்த இருவரின் கனவுக்குப் பொருள் சொன்னவன்.

எழுந்தது மாமித்தியானா.
மாடு திருடியதாக வழக்கு.
நான்கு வருடமாகியும் ஒரு நீதிபதியின் முகத்தை
அவன் பார்த்ததில்லை.

நன்றாகவே சொன்னான். ஒட்டகம் ஒட்டகமாகவே வந்தது.
திராட்சைக் கிளை மூன்று, கூடை மூன்று.
என் பேரை மட்டும் அங்கே சொல்லிவிடு என்று
வெளியே போகிறவனிடம் கேட்டுக்கொண்டதும் வந்தது.
பானபாத்திரக்காரன் வெளியே போனான்.
போனவன்

அங்கே நின்றுவிட்டான்.
அடுத்த சொல் நூற்று அறுபது பேருக்கும் தெரியும்.
ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை.
அவன் என்னைப் பார்த்தான்.

மழைக்காலத்தில், கம்பிக்கு நடுவே,
என் உள்ளங்கையில் வழக்கு எண்ணை
விரலால் எழுதிக் காட்டியிருந்தான்.
எழுத்தர் மேடம் வுலுலூனாவிடம் சொல்லுங்கள்.
சொல்கிறேன் என்றேன்.
வெளியே வந்து பஸ்ஸுக்குச் சில்லறை தேடினேன்.
அவ்வளவுதான்.

"எத்தனை நாள் மறந்திருந்தான்?" வேறொருவன் கேட்டான்.
இரண்டு வருடம் என்றேன்.
"அதுவரை இவன் உள்ளே என்ன செய்தான்?"
அது கதையில் இல்லை.
"எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி
மாமித்தியானா உட்கார்ந்தான்.
குரலில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம்.

புதன்கிழமை நீதிமன்றத்தில்
மேடம் வுலுலூனா ஓய்வுபெற்று இரண்டு மாதம்.
அவர் நாற்காலியில் இருந்த பையன் எண் கேட்டான்.
நானூற்று நாற்பத்தேழு. இல்லை, எழுபத்து நாலு.
கதையில் ஒரு சொல் பிசகாத வாய்.
"எலி தின்னாமல் இருந்தால் தேடலாம்,
சரியான எண்ணோடு வாருங்கள்" என்றான்.

அடுத்த செவ்வாய் நான் கதை சொல்லவில்லை.
மாமித்தியானா எண்ணைச் சொன்னான், ஒரே ஒரு தடவை.
நான் எழுந்து நின்று திருப்பிச் சொன்னேன்.
எண், பெயர், ஊர், மாட்டின் நிறம், கைதான தேதி.

"பதினேழு இல்லை, பதினாறு" என்றான் மூலையிலிருந்தவன்.
"முதலிலிருந்து."